வெளிநாட்டுத் தீர்ப்பை நீதிபதி எப்படிப் படிக்க வேண்டும்? மரண தண்டனை வழக்குகள் மூன்று

தன் நாட்டு அரசியலமைப்புக்குப் பொருள் சொல்ல, அயல்நாட்டுத் தீர்ப்பை நீதிபதி புரட்டலாமா?

18 வயது நிரம்பும் முன் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்று 2005-இல் ரோப்பர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. உலக நாடுகள் இதைக் கைவிட்டதையும் தன் முடிவுக்குத் துணையாகக் காட்டியது. ஒத்துவந்தால் வெளிநாட்டைக் காட்டுவதும் ஒத்துவராவிட்டால் விட்டுவிடுவதும் முறையா என்று மாறுபட்ட தீர்ப்பில் கேட்டார் அதே நீதிமன்றத்தின் நீதிபதி ஸ்காலியா. கருக்கலைப்பு வழக்குகளில் மட்டும் ஏன் பிற நாடுகளைப் பார்ப்பதில்லை என்றார். அந்தத் தீர்ப்பின் முடிவு எனக்கு உடன்பாடுதான். ஆனாலும் ஸ்காலியாவின் கேள்வி நியாயமானது.

அதற்கான பதில் பத்தாண்டு முன்பே ஜோகன்னஸ்பர்க்கில் எழுதப்பட்டிருந்தது. 1995-இல் மக்வான்யானே வழக்கில் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் கொலைக்கான மரண தண்டனையை ஒருமனதாக நீக்கினார்கள். அயல்நாட்டுத் தீர்ப்புகளைக் கருத்தில் கொள்ளலாம் என்று அவர்களுடைய இடைக்கால அரசியலமைப்பே சொல்லியிருந்தது. நீதிமன்றத் தலைவர் ஆர்தர் சாஸ்கல்சன், மரண தண்டனை செல்லும் என்ற இந்தியாவின் பச்சன் சிங் (1980) தீர்ப்பையும் எடுத்துக்கொண்டார். அவர் போன வழிக்கு நேர் எதிரான தீர்ப்பு அது. இரு நாட்டு வாசகங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். ‘சட்டம் நிறுவிய நடைமுறைப்படி அன்றி’ உயிரைப் பறிக்கக் கூடாது என்பது இந்தியாவின் 21-வது பிரிவு. நடைமுறைப்படி பறிக்கலாம் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 9-வது பிரிவிலோ, ஒவ்வொருவருக்கும் உயிர்வாழும் உரிமை உண்டு என்ற ஒற்றை வரிதான். வாசகம் மாறியதால் விடையும் மாறியது. எனக்குப் பிடித்த முறை இதுதான்.

அரசியலமைப்பை அதன் நான்கு சுவருக்குள்ளேயே படிக்க வேண்டும் என்றது 1963-இல் மலாயாவில் வந்த கிளந்தான் தீர்ப்பு. சிங்கப்பூரிலும் அதற்குச் செல்வாக்கு அதிகம். 2010-இல் யோங் வுய் கோங் வழக்கில், கட்டாய மரண தண்டனையை (நீதிபதிக்கு வேறு தண்டனை தர வழியில்லாதது) இந்தியா ரத்து செய்த மிட்டு (1983) தீர்ப்பை அங்கே முன்வைத்தார்கள். உயிருரிமை வாசகம் இரு நாட்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. இருந்தும் நீதிமன்றம் ஏற்கவில்லை. உயிரைப் பறிக்கும் சட்டம் நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்ற இந்திய அளவுகோல் தெளிவற்றது என்றது. மனிதத்தன்மையற்ற தண்டனைக்குத் தடை வேண்டும் என்ற சிங்கப்பூரின் 1966 அரசியலமைப்பு ஆணையத்தின் பரிந்துரை அரசியலமைப்பில் சேர்க்கப்படாததையும் சுட்டியது. அந்த முடிவு எனக்கு வருத்தமே. ஆனால் மறுத்த காரணம் எழுத்தில் இருக்கிறது. நாளை இன்னொரு வழக்கறிஞர் எழுந்து அதோடு மல்லுக்கட்டலாம்.