எழுதப் பழகுமுன் விரலுக்கு ஒரு மரப் பலகை

ஜூன் மாதம் எல்.கே.ஜி. வகுப்பில் சேரவிருக்கும் எங்கள் மகளுக்காக, 12 உயிரெழுத்துகளும் 18 மெய்யெழுத்துகளும் ஆய்தமும் குழிவாகச் செதுக்கப்பட்ட மரப் பலகை ஒன்றை 650 ரூபாய்க்கு இணையம் வழியாக வாங்கினோம். பென்சிலைப் பிடிக்கும் அளவுக்கு விரல்கள் இன்னும் வலுப்பெறாத மூன்றரை வயதில், குழிவின் வழியே சுட்டுவிரலை ஓட்டி எழுத்தின் வடிவத்தைக் கை உணர்ந்துகொள்வதே இதன் பயன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவளே பலகையை எடுத்துக்கொண்டு பாட்டியின் மடியில் போய் அமர்ந்துவிடுகிறாள்.

நேர்கோடுகளாலான 'ட்', 'ப்' இரண்டும் இரண்டே நாளில் வசப்பட்டன. வரிசையில் முதலில் வருகிறது என்பதற்காகவே வளைவுகள் நிறைந்த 'அ'வை முதலில் எழுதவைக்கும் நம் வழக்கம் குழந்தைகளுக்குச் செய்யும் சிறு கொடுமை என்றே நினைக்கிறேன். விரலை எங்கே தொடங்குவது என்று காட்டும் புள்ளியோ அம்புக்குறியோ பலகையில் இல்லாததால், அவள் 'இ'யைக் கடைசி வளைவிலிருந்து பின்னோக்கி எழுதப் பழகிவிட்டாள். அதைத் திருத்த ஒரு வாரம் ஆயிற்று.

ஓரங்கள் வழவழப்பாக உள்ளன. ஆனால் 2021 ஜனவரி முதல் 14 வயதுக்குட்பட்டோரின் விளையாட்டுப் பொருள்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட ஐ.எஸ்.ஐ. முத்திரை பெட்டியில் இல்லை. கேட்டதற்கு, இது கல்விப் பொருள் என்று விற்பனையாளர் பதில் அனுப்பினார். அது எனக்கு நிறைவளிக்கவில்லை. தொடக்கப் புள்ளிகளைப் பென்சிலால் குறித்துக்கொடுத்து உடன் அமரப் பெரியவர் ஒருவர் இருக்கும் வீட்டுக்கு இதை வாங்கலாம்.