ப்ளூரேவா, ஸ்ட்ரீமிங்கா: இரண்டாவது முறை பிளேயர் வாங்கியவன் கணக்கு

போன வருடம் மழைக்காலத்தில் என் ப்ளூரே பிளேயர் (டிவிடியைவிடத் தெளிவான படம் தரும் டிஸ்க்குகளை ஓட்டும் பெட்டி) டிரேயை வெளியே தள்ள மறுத்துவிட்டது. உள்ளே ஒரு டிஸ்க் வேறு மாட்டிக்கொண்டது. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் பழக்கமான மெக்கானிக் பெட்டியைத் திறந்து டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தார், பெல்ட்டை மாற்றினார். டிரே சரியாகிவிட்டது. ஆனால் எந்தப் படம் போட்டாலும் முக்கால் மணி நேரத்தில் உறைந்து நின்றது.

"லென்ஸ் வீக் ஆயிடுச்சு சார். டிவிடி லென்ஸ்னா இந்தத் தெருவுலயே கிடைக்கும். இதுக்கு நான் எங்க போவேன்? பேசாம நெட்லயே பாத்துடுங்க" என்றார்.

அவர் சொன்னதைக் கேட்பதா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். மூன்று வழிகள் தெரிந்தன. டிஸ்க்குகளைப் பரணில் ஏற்றிவிட்டு ஓடிடி சந்தாக்களோடு நிற்பது. பிடித்த படங்களை மட்டும் இணையக் கடையில் டிஜிட்டலாகக் காசு கொடுத்து வாங்குவது. அல்லது இன்னொரு பிளேயர், இந்த முறை 4கே, வாங்குவது. மூன்றாவதைத்தான் செய்தேன். "நாலு ஓடிடிக்குக் காசு கட்றோம், இன்னொரு பெட்டி எதுக்கு?" என்று மனைவி கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு அன்று ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை, இப்போது முயல்கிறேன்.

வசதியைப் பொறுத்தவரை ஸ்ட்ரீமிங்தான், அதில் பேச ஒன்றுமில்லை. புதுத் தமிழ்ப் படம் தியேட்டருக்கு வந்து நாலு வாரத்தில் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அவற்றில் பெரும்பாலானவை டிஸ்க்காக வெளிவருவதே இல்லை. மோசர் பேர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடி விற்ற காலத்தில் நம் ஊர் தெருமுனைக் கடைகளில்கூட டிஸ்க் தொங்கியது. அங்கிருந்து ப்ளூரேக்கு ஏறாமல், 2016-ல் ஜியோ வந்ததும் நேராக செல்போனுக்குத் தாவிவிட்டோம். ஆகவே புதுத் தமிழ்ப் படம் மட்டும் பார்ப்பவர் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. என் அலமாரியில் இருப்பவை பெரும்பாலும் ஹாலிவுட், ஜப்பானியப் படங்கள்.

படத் தரம். ப்ளூரே டிஸ்க் ஒரு அடுக்கில் 25 ஜிபி, இரண்டு அடுக்கில் 50 ஜிபி கொள்ளும். 2016-ல் வந்த 4கே டிஸ்க் 100 ஜிபி வரை போகும், விநாடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேலும் தரவு அனுப்பும். நெட்ஃப்ளிக்ஸ் 4கே பார்க்கப் பரிந்துரைக்கும் இணைய வேகமோ 15 மெகாபிட். அந்த வேகத்தில் இரண்டரை மணி நேரப் படம் சுமார் 17 ஜிபிக்குள் அடங்கிவிடும். விட்டுப்போன மிச்சம் எங்கே தெரியும் என்றால் இருட்டில், புகையில், மழையில். இரவு வானம் பட்டை பட்டையாகப் பிரியும், கறுப்புச் சட்டை சேறு மாதிரி ஆகும். ஆனால் என்னுடையது 55 இஞ்ச் டிவி, எட்டடி தள்ளி உட்கார்கிறோம். நல்ல இணைப்பில் ஓடும் நல்ல ஸ்ட்ரீமைப் பார்த்துவிட்டு வித்தியாசத்தைச் சொல் என்றால் பாதி நேரம் தடுமாறுவேன். புரொஜெக்டர் வைத்திருப்பவர்களுக்கு அது பளிச்சென்று தெரியலாம், நான் ஒரு நண்பர் வீட்டில் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். ஒலியில் எனக்குச் சந்தேகமில்லை. டிஸ்க்கில் இழப்பில்லாத டால்பி ட்ரூஎச்டி வருகிறது, ஓடிடியில் சுருக்கிய ஒலிதான். சாதாரண ஸ்பீக்கரிலேயே வசனம் தெளிவாகப் பிரிந்து கேட்கிறது.

அடுத்து, டிஜிட்டலாக வாங்குவது. 'வாங்கு' என்று பொத்தான் இருந்தாலும் கையில் வருவது பார்க்கும் உரிமம்தான். 2023 டிசம்பரில் பிளேஸ்டேஷன் கடையில் டிஸ்கவரி நிகழ்ச்சிகளைக் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு, அவை மாதக் கடைசியில் நூலகத்திலிருந்து நீக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. எதிர்ப்புக்குப் பிறகு அது கைவிடப்பட்டது. உரிமத்தை விற்கும்போது அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா சட்டமே போட்டது, 2025 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கிறது. ஓடிடி சந்தா இதிலும் ஒரு படி கீழே. அம்மா ஒரு பழைய படத்தை இடைவேளை வரை பார்த்துவிட்டு, மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்தார். நாளைக்கு அந்தப் படம் இல்லை.

சரி, டிஸ்க் கையில் இருந்தால் படம் நம்முடையது. இதுவரை டிஸ்க் பிரியர்கள் எல்லோரும் சொல்வதுதான். எனக்குள்ள கவலை வேறு. டிஸ்க் என்னுடையது, அதை ஓட்டும் பெட்டி?

ப்ளூரேக்குப் போட்டியாக வந்து தோற்றுப்போன எச்டி டிவிடியை நினைத்துப் பாருங்கள். 2006-ல் ப்ளூரேயும் அதுவும் ஒரே வருடத்தில் களத்தில் இறங்கின. டோஷிபாவின் எச்டி டிவிடி பிளேயர் விலை குறைவு, ஆனால் டிஸ்க்கின் கொள்ளளவு 30 ஜிபிதான். சோனி தன் பிளேஸ்டேஷன் 3-க்குள்ளேயே ப்ளூரேயை வைத்து, கேம் விளையாட வாங்கியவர் வீட்டுக்குள் எல்லாம் அதை நுழைத்துவிட்டது. 2008 ஜனவரியில் ஹாலிவுட் நிறுவனமான வார்னர் ப்ளூரே பக்கம் சாய்ந்தது, பிப்ரவரி 19 அன்று டோஷிபா கடையைக் கட்டியது. (இரண்டும் இப்படி அடித்துக்கொண்டிருந்தபோது, 2007 ஜனவரியில், நெட்ஃப்ளிக்ஸ் சத்தமில்லாமல் ஸ்ட்ரீமிங்கைத் தொடங்கியிருந்தது.) அன்று எச்டி டிவிடி வாங்கியவரிடம் டிஸ்க் இருந்தது, படம் அவருடையதுதான். பிளேயர் பழுதானால் புதிது செய்ய உலகத்தில் ஆளில்லை. பழைய பெட்டியைத் தேடித்தான் அலைய வேண்டும்.

ப்ளூரேயும் அந்தப் பாதையில்தான் மெதுவாக நடக்கிறது. உயர்தர பிளேயர் செய்துகொண்டிருந்த ஓப்போ 2018-ல் விலகியது. 2019-ல் சாம்சங் அமெரிக்கச் சந்தைக்குப் புது மாடல்களை நிறுத்தியது. 2024 முடிவில் எல்ஜியும் நிறுத்திக்கொண்டது. பெயர் சொல்லும்படி மிஞ்சியிருப்பது சோனியும் பானசோனிக்கும், அப்புறம் டிஸ்க் போடும் கேம் பெட்டிகளும். அந்தப் பெட்டிகளையும் முழுக்க நம்ப முடியாது. 2024-ல் வந்த பிளேஸ்டேஷன் 5 ப்ரோவில் டிரைவ் கிடையாது, வேண்டுமென்றால் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அங்கும் கதவடைப்பு. 4கே டிஸ்க்கை முறைப்படி ஓட்ட இன்டெல் சிப்பில் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். 11-ஆம் தலைமுறையிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டர் சிப்களில் இன்டெல் அதை எடுத்துவிட்டது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கியவரைவிடப் பழையது வைத்திருப்பவர் கொடுத்துவைத்தவர்!

இசைத்தட்டு திரும்பி வரவில்லையா, ப்ளூரேயும் வரும் என்று சிலர் சொல்வதை இதனால்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவில் 2020-லேயே இசைத்தட்டின் வருமானம் சிடியைத் தாண்டியது உண்மை. ஆனால் இசைத்தட்டுக்கு வேண்டியது ஒரு மோட்டார், ஒரு ஊசி, ஒரு ஆம்ப். சின்னப் பட்டறையில் கூடச் செய்துவிடலாம். ப்ளூரேக்கு 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர் வேண்டும், நகலெடுக்க விடாமல் டிஸ்க்கில் போட்டிருக்கும் மென்பொருள் பூட்டைத் திறக்க உரிமம் பெற்ற சாவி வேண்டும், அந்தச் சாவியைப் புதுப்பிக்க யாராவது மென்பொருள் தந்துகொண்டே இருக்க வேண்டும். பழைய பிளேயரில் புது டிஸ்க் ஓடாமல் இணையத்தில் அப்டேட் தேடிய அனுபவம் எனக்கே உண்டு. தயாரித்தவர் தொழிலைவிட்டுப் போனால் அப்டேட்டும் போச்சு.

இவ்வளவும் தெரிந்து ஏன் வாங்கினேன்? பயந்ததால்தான் வாங்கினேன். இன்னும் பத்து வருடம் கழித்து வாங்கலாம் என்றால் கிடைக்காமல் போகலாம், இன்று கிடைக்கிறது. 4கே டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டு, அதாவது ஒரு நாட்டு டிஸ்க் இன்னொரு நாட்டுப் பெட்டியில் ஓடாதபடி செய்யும் தடை, கிடையாது என்பது இன்னொரு காரணம். ப்ளூரேயில் இந்தியா 'சி' மண்டலம், அமெரிக்கா 'ஏ'. அங்கிருந்து உறவினர் வாங்கி வந்த டிஸ்க்குகளில் நாலைந்து என் பழைய பெட்டியில் ஏறவே இல்லை. 4கே பெட்டி பழைய டிவிடிகளையும் ஓட்டுகிறது, அப்பா சேர்த்துவைத்த, ஐங்கரன் நிறுவனம் வெளியிட்ட தமிழ்ப் பட டிவிடிகள் உட்பட.

டிஸ்க் வெளியீடு நின்றுவிடும் என்று நான் நினைக்கவில்லை. 2024-ல் அமெரிக்காவின் பெஸ்ட் பை கடைகள் டிஸ்க் விற்பதை நிறுத்தின, டிஸ்னி தன் டிஸ்க் வேலையை சோனியிடம் ஒப்படைத்தது, எல்லாம் சரி. ஆனால் அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2023 நவம்பரில், 'ஓப்பன்ஹைமர்' 4கே டிஸ்க் வந்த வாரத்திலேயே பல கடைகளில் தீர்ந்துபோனது. கிரைட்டீரியன், ஆரோ போன்ற சிறு வெளியீட்டாளர்கள் விடாமல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் சோனி ப்ளூரேயை நிறுத்திவிட்டது என்று ஒரு செய்தி சுற்றியது, எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள். அது நாம் பதிவு செய்யும் காலி டிஸ்க். படம் வரும் டிஸ்க் இல்லை.

டிஸ்க்கின் ஆயுளைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். 2006 முதல் 2008 வரை அச்சான தன் டிவிடிகளில் சில கெட்டுப்போவதை வார்னரே ஒப்புக்கொண்டது. என் ப்ளூரேக்களில் மிகப் பழையதற்கு வயது பன்னிரண்டு, இன்னும் ஓடுகிறது. கடற்கரைக்குப் பக்கத்து வீடு, இரண்டு உறைகளின் உள்தாளில் பூஞ்சை பிடித்தது, டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மாற்றுகிறேன். இருபது வருடம் தாங்குமா என்பதை இருபது வருடம் கழித்துத்தான் எழுத முடியும்.

பழைய பிளேயரை ரிச்சி தெரு மெக்கானிக்கிடமே கொடுத்துவிட்டேன். சும்மா எடுத்துக்கொள்வார் என்று நினைத்தால் ஐந்நூறு ரூபாயை நீட்டினார். அதே மாடலை வைத்துக்கொண்டு இரண்டு பேர் போர்டுக்காகக் காத்திருக்கிறார்களாம்.