தீப்பெட்டி அளவில் ஒரு ஓபிடி ரீடர்

செக் இன்ஜின் விளக்கு மூன்று நாளாக அணையாததால்தான் காரின் கணினி பதிந்துவைக்கும் கோளாறுக் குறியீடுகளைப் படித்து ஃபோனுக்கு அனுப்பும் இந்தப் புளூடூத் ஓபிடி ரீடரை வாங்கினேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒளிந்திருக்கும் 16 பின் சாக்கெட்டைத் தேடிக் குனிந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது தனிக்கதை.

சாவியை 'ஆன்' வரை திருப்பிச் செயலியைத் திறந்தேன். அரை நிமிடத்தில் பி0301 என்று வந்தது. 'பி' என்றால் பவர்டிரெயின் (இன்ஜின், கியர் பகுதி), 03 என்பது இக்னிஷன், மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவது) வரிசை, கடைசி 1 முதல் சிலிண்டர். ஆனால் கெட்டது பிளக்கா, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலா, எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரா என்று எரர் கோடு சொல்லாது. முதல் காயிலை இரண்டாவதோடு மாற்றிப் போட்டு, பழைய கோடை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டினேன். பி0302! காயிலோடு கோளாறும் இரண்டாவது சிலிண்டருக்குப் போய்விட்டது. சரி, காயில்தான்.

ஏபிஎஸ், ஏர்பேக் பக்கம் இது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கழற்ற மறந்தால் பேட்டரியை மெல்ல உறிஞ்சும். அப்புறம், 'கிளியர்' பொத்தானை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். கோளாறு விழுந்த நேரத்து வேகம், ஆர்பிஎம், இன்ஜின் சூடு எல்லாம் பதிவான ஃப்ரீஸ் ஃபிரேமும் சேர்ந்தே அழிந்துவிடும். நான் குறித்துக்கொள்ளாமல் அழுத்தியவன்.