கயிற்றுக் கவணில் டென்னிஸ் பந்து: தை முதல் தை வரை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கவண் என்றதும் நம்ம பக்கம் பாதிப்பேர் கவட்டைக் கம்பில் ரப்பர் கட்டி அடிக்கிற உண்டிவில்லை நினைத்துக்கொள்கிறார்கள். இது வேறு. இதில் ரப்பரே கிடையாது. இரண்டு கயிறு, நடுவில் பந்து உட்காரச் சின்னதாக ஒரு தொட்டில், ஒரு முனையில் விரல் நுழைகிற கண்ணி, மறுமுனையில் ஒரு முடிச்சு, அவ்வளவுதான் சாமான். தினைப்புனம் காக்கிறவர்கள் கவண் வைத்திருந்ததாகக் குறிஞ்சிப் பாட்டுகளில் வருகிறதே, அதேதான். நான் தினையும் விதைக்கவில்லை, கிளியும் விரட்டவில்லை. நாய்க்குப் பந்து எறியத்தான் பின்னினேன். போன தைப் பொங்கல் முடிந்த வாரம் ஆரம்பித்தது, இந்தத் தையோடு ஒரு வருஷம், இடையில் நாலு கவண்.

வீடு மதுரையை ஒட்டிய நாகமலை புதுக்கோட்டைப் பக்கம். நாய், சிப்பிப்பாறையும் நாட்டு நாயும் கலந்த பெட்டை, பெயர் வெள்ளச்சி. அவளைச் சங்கிலி போட்டுத் தெருவில் நடத்திக்கொண்டு போவது அவளுக்கு ஒரு கணக்கே இல்லை, ஓடினால்தான் ராத்திரி படுப்பாள். கோடையில் வற்றிக் கிடக்கிற கண்மாய்க்குள் இறங்கிக் கையால் பந்து எறிந்துகொண்டிருந்தேன். நாற்பத்தாறு வயதில் தினம் முப்பது நாற்பது தடவை எறிந்தால் என்ன ஆகுமோ அது ஆனது: வலது தோள்பட்டை பிடித்துக்கொண்டு சட்டை மாட்டவே முடியவில்லை. பிறகு ஆன்லைனில் நீளக் கரண்டி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பந்தெறி கருவி நானூறு சொச்சம் ரூபாய்க்கு வாங்கினேன். நன்றாகத்தான் இருந்தது, ஆறாவது வாரம் கழுத்தில் விரிசல் விட்டது. வெயிலில் வண்டியிலேயே போட்டு வைத்தது என் தப்பாகவும் இருக்கலாம். இன்னொன்று வாங்க மனசில்லை, அப்போதுதான் கயிறு ஞாபகம் வந்தது.

முதல் கவண் சணலில். வீட்டில் கிடந்த சணலையே மூன்று புரியாகச் சடை பின்னி, தொட்டிலுக்குப் பழைய ஜீன்ஸ் துணி வைத்துத் தைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. பத்து நாளில் நடுவிரல் தோல் உரிந்தது. ஒரு நாள் பனியில் நனைந்து காய்ந்ததும் விறைத்துப்போய்க் கருவாடு மாதிரி வளைந்தது. சணலைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது நைலான். கீழமாசி வீதிப் பக்கம் ஒரு கயிற்றுக் கடையில் நாலு மில்லிமீட்டர் கயிறு வாங்கினேன். எனக்குப் போதும் என்று தோன்றிய நீளம் இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று மீட்டர், கடைக்காரர் பத்து மீட்டருக்குக் குறைத்துக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார் (அந்தப் பாக்கிக் கயிறுதான் இப்போது மாடியில் துணி காயப்போடும் கொடி). நைலான் இத்து அறுந்துபோகாது, மழைக்கு அசராது, முனையை லைட்டரால் சுட்டு உருட்டிவிட்டால் பிரியாது. ஆனால் வழுக்கும். கவணில் எல்லாமே முடிச்சை விடுகிற கணத்தில்தான் இருக்கிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்திருக்கிற அந்த முடிச்சு நாம் விடும்போது போக வேண்டும், தானாகப் போகக் கூடாது. வியர்த்த கையில் நைலான் தானாகப் போனது. ஒரு பந்து நேராகப் பின்னால் போய் எங்கள் வண்டியின் கண்ணாடியில் பட்டது. நல்லவேளை என் வண்டி.

இந்த விடுகிற கணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் எல்லாரும் இதில்தான் மனசு விட்டுப்போய்த் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். கையும் கயிறும் சேர்ந்து ஒன்றரை மீட்டர் ஆரம் என்று வையுங்கள், பந்து நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் சுற்றிவருகிறது. நொடியில் நூற்றில் ஒரு பங்கு பிந்தி விட்டால் திசை பதினொரு டிகிரிக்கு மேல் திரும்பிவிடும். இருபத்தைந்து மீட்டர் தள்ளி நிற்கிற வேப்பமரத்தைக் குறிவைத்தால் அஞ்சு மீட்டர் தள்ளிப் போகும் என்று அர்த்தம். இதைக் கணக்குப் போட்டுத் திருத்த முடியாது, கை பழகித்தான் ஆக வேண்டும்.

எனக்குக் கை பழகியது ஆடு மேய்க்கிற ஒரு கீதாரியால். மாசி மாதம் கண்மாய்க்குப் பக்கத்து வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார், எழுபது வயதிருக்கும். நான் தலைக்கு மேலே நாலு சுற்று, அஞ்சு சுற்று சுற்றி எறிவதை இரண்டு நாள் வரப்பில் உட்கார்ந்து பேசாமல் பார்த்தார். மூன்றாம் நாள் எழுந்து வந்தார்.

“என்ன தம்பி, ராட்டினம் மாதிரி சுத்துறீக?”

“வேகம் வரணும்ல ஐயா.”

“ஒரு சுத்துப் போதும். அஞ்சு சுத்துச் சுத்துனா எங்கிட்டு விடணும்னு கைக்கே மறந்துபோகும். எங்கய்யா சோளக்காட்டுப் பரண்ல நின்னுக்கிட்டு ஒரே வீச்சுத்தான் வீசுவாரு, குருவிக் கூட்டம் பூரா எந்திரிக்கும்.”

அப்புறம் என் கவணை வாங்கிப் பார்த்து, கயிறா இது என்று கேட்டார். நைலானைச் சொல்கிறார். அவருடைய அய்யா கற்றாழை நாரில் திரித்துக்கொள்வாராம், விடுமுனையில் கொஞ்சம் நாரைப் பிரித்துக் குஞ்சம் மாதிரி விட்டால் சாட்டை சொடுக்குவது போலச் சத்தம் வருமாம், பாதிக் குருவி கல்லுக்குப் பயப்படாமல் அந்தச் சத்தத்துக்கே போய்விடுமாம். நைலான் கவணிலேயே கல் இல்லாமல் பந்தை வைத்து ஒரு தடவை வீசினார். பந்து நேராக எதிர்க்கரைப் பக்கம் போய் விழுந்தது. நாய் ஓடிற்று. நான் என்ன சொல்ல.

ஒரே சுற்று என்று மாறிய வாரமே பந்து முன்னால் போக ஆரம்பித்தது. கையைப் பின்னால் தொங்கவிட்டு, பந்து ஊசலாடி முன்னே வரும்போது அதோடு சேர்த்து ஒரு முழுச் சுற்று, தோளுக்கு மேலே வருகையில் மணிக்கட்டை லேசாக முன்னால் தள்ளினால் முடிச்சு தானே விரலை விட்டுக் கழன்றுகொள்ளும். தோள்பட்டைக்கும் இது நல்லதாகப் போயிற்று. நாலைந்து சுற்று சுற்றிய நாட்களில் முழங்கை வலித்தது, அது நின்றுவிட்டது.

மூன்றாவது, பருத்தி. மூன்று மில்லிமீட்டர் பருத்திக் கயிறு, நாலு இழைப் பின்னல், தொட்டிலையும் துணி வைக்காமல் கயிறாகவே பின்னினேன். இடையில் ஒரு அசட்டு யோசனையில் பழைய பைக் டியூப்பை வெட்டித் தொட்டிலாக வைத்துப் பார்த்ததையும் சொல்லியாக வேண்டும். டென்னிஸ் பந்தின் ரோமத்தை ரப்பர் பிடித்துக்கொள்கிறது, விடவே மாட்டேன் என்கிறது, பந்து காலடியில் குத்துகிறது. தோலும் வைத்துப் பார்த்திருக்கிறேன், கல்லுக்கு அது சரியாக வரும், உருண்டைப் பந்துக்கு வழுக்கல் ஜாஸ்தி. பந்துக்குப் பின்னல் தொட்டில்தான். நடுவில் நீளவாக்கில் ஒரு பிளவு விட்டுப் பின்னினால் பந்து அந்தப் பிளவில் பதிந்து உட்காரும், அசையாது. பந்தின் குறுக்களவு ஆறரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். தொட்டில் நீளம் பதினைந்து சென்டிமீட்டர், அகலம் ஏழு வைத்தேன். பதினெட்டு வைத்தபோது பந்தைச் சுற்றி மூடிக்கொண்டு தாமதமாக விட்டது.

இங்கேதான் நான் மூன்று மாதத்தை வீணாக்கினேன். தூரப் பைத்தியம். கையால் எறிந்தால் நாற்பத்தைந்து தப்படி, பருத்திக் கவணில் முதல் மாதமே எழுபத்தைந்து, எண்பது தப்படி. என் தப்படி முக்கால் மீட்டர், ஆக அறுபது மீட்டர் பக்கம். கயிற்றை நீட்டினால் நூறு தப்படி வரும் என்று மடித்த நீளத்தை, அதாவது கண்ணியிலிருந்து தொட்டில் வரையான நீளத்தை, எழுபதிலிருந்து தொண்ணூறு, நூற்றுப்பத்து சென்டிமீட்டர் வரை கூட்டிக்கொண்டே போனேன். 1981-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் லாரி பிரே என்பவர் 129.5 சென்டிமீட்டர் கவணில் 437 மீட்டர் எறிந்து கின்னஸில் இடம்பிடித்தார் என்று படித்ததுதான் வினை. அவர் எறிந்த கல் 52 கிராம். டென்னிஸ் பந்து 56 முதல் 59.4 கிராம். எடை ஏறக்குறைய ஒன்றுதானே, எனக்கு ஏன் நூறு மீட்டர்கூட வரவில்லை என்று மண்டையைக் குடைந்தது.

எடை ஒன்றுதான், உருவம் ஒன்றில்லை. 52 கிராம் கல் ஒரு சின்ன எலுமிச்சைக்குக்கூடக் காணாது. பந்து அதைப்போல இரண்டு மடங்கு குறுக்களவு, காற்றுக்குக் காட்டுகிற முகம் நாலு மடங்கு, போதாததற்கு மேலே ரோமம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திலேயே காற்று பின்னால் இழுக்கிற விசை பந்தின் எடைக்கே சமமாகிவிடுகிறது. அதற்கு மேல் நாம் எவ்வளவு வேகம் கொடுத்தாலும் முதல் இருபது மீட்டரிலேயே காற்று பிடுங்கிக்கொள்ளும். நூற்றுப்பத்து சென்டிமீட்டர் கவணில் எனக்குக் கூடுதலாகக் கிடைத்தது வெறும் ஏழெட்டுத் தப்படி, கொடுத்த விலை பாதிக்குப் பாதி கோணல் எறி. அந்த மூன்று மாதத்தில் சீமைக்கருவேல முள்ளுக்குள் போய்த் திரும்பாத பந்துகள் மட்டும் பதினொன்று. மத்தியதரைக் கடலில் பலேரிக் தீவுகளின் அந்தக் காலத்துக் கவண்காரர்கள் தூரத்துக்கு நீளமாக ஒன்று, பக்கத்துக்குக் குட்டையாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று என்று மூன்று கவண் வைத்திருந்ததாகப் பழைய எழுத்தாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதில் குட்டைக் கவணின் அருமையை நான் கண்மாய்க்குள் முள் குத்தித் தெரிந்துகொண்டேன். எழுபது சென்டிமீட்டருக்குத் திரும்பிவிட்டேன். பந்து எறிய இதற்கு மேல் வேண்டாம்.

பருத்தியின் குறை என்று பார்த்தால் இழுபடும். பங்குனியில் பின்னியது ஆடிக்குள் விடுமுனைக் கயிறு ஒரு விரற்கடை நீண்டுவிட்டது. பார்த்தால் தெரியாது, பந்து வைத்துத் தொங்கவிட்டால் தொட்டில் ஒரு பக்கம் சாயும், எறிந்தால் பந்து இடது பக்கமே போகும். நான் என் கையைக் குறை சொல்லிக்கொண்டு இரண்டு வாரம் போராடினேன். இப்போது மாதம் ஒரு தடவை தொங்கவிட்டுப் பார்த்து முடிச்சைத் தள்ளிப் போட்டுக்கொள்கிறேன். இன்னொன்று, கண்ணி தொடங்குகிற இடம் தேயும். ஐப்பசியில் அந்த இடத்தில்தான் இரண்டு இழை அறுந்தது. ஏழு மாதம், கிட்டத்தட்ட தினமும் காலையில் முப்பது எறி, ஆன செலவு எண்பது ரூபாய்க் கயிறு. குறை சொல்ல மாட்டேன்.

ஐப்பசி மழையில் கண்மாய்க்குத் தண்ணீர் வந்ததும் மைதானம் போயிற்று. கரைமேல் நின்று தண்ணீருக்குள் எறிந்து பார்த்தேன், பந்து மிதக்கும், ஆனால் வெள்ளச்சி வயிறு நனைகிற வரைதான் போவாள், பிறகு திரும்பி என்னைப் பார்ப்பாள். காற்று ஒதுக்கிக் கொண்டுவருகிற வரை இருவரும் உட்கார்ந்திருப்போம். ஊறிய பந்து கனத்துத் தூரம் கொஞ்சம் கூடப் போகிறது, சுற்றும்போது சேற்றுத் தண்ணீர் நம் முகத்தில்தான். அவளைப் பற்றிய இன்னொரு உண்மை: துரத்துவதில் சிப்பிப்பாறை, திருப்பிக் கொண்டுவருவதில் யாருமில்லை. பத்தில் நாலு தடவை பந்துக்கு மேலே நின்று வாலை ஆட்டுவாள், நான்தான் அறுபது மீட்டர் நடந்துபோய் எடுக்க வேண்டும். ஆகவே எனக்கும் நடை ஆகிறது.

செய்யப்போகிறவர்களுக்கு ஒரே ஒரு கண்டிப்பு. முதல் இரண்டு வாரம் நாயும் வேண்டாம், பிள்ளைகளும் வேண்டாம், வேடிக்கை பார்க்க யாரும் வேண்டாம், முக்கியமாகப் பின்னாலும் பக்கவாட்டிலும். சுருட்டிய காலுறையை வைத்துப் பழகுங்கள். கவணிலிருந்து கிளம்புகிற பந்து மணிக்கு நூறு கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும், கண்ணில் பட்டால் விளையாட்டில்லை. கல் வைத்துப் பார்க்கலாமே என்று ஒருத்தராவது கேட்பார்கள். என்னிடம் கடலை போட்டிருக்கிற பக்கத்துத் தோட்டத்துக்காரர் மயிலை விரட்டித் தரச் சொல்லியே கேட்டார், மாட்டேன் என்றேன். வேண்டுமானால் வெறும் கவணைச் சொடுக்கிச் சத்தம் காட்டுகிறேன் என்று ஒரு நாள் போய்ச் சொடுக்கினேன், மயில்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன. அப்புறம் பந்து. மண் ஒட்டிய டென்னிஸ் பந்தை நாய் மென்றுகொண்டே இருந்தால் பல் உப்புத்தாள் போட்ட மாதிரி தேயும், எறிந்து முடிந்ததும் வாங்கிப் பையில் போட்டுவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் ஆறரை மணிக்கே முடித்துவிடுங்கள், ஓடுகிற நாய் வெயிலைக் கவனிக்காது.

இப்போது கையில் இருப்பது நாலாவது. அதே பருத்தி, அதே எழுபது சென்டிமீட்டர், கண்ணிக்கு மட்டும் மேலே இன்னொரு சுற்று நூல் சுற்றியிருக்கிறேன், மூன்று மாதமாகத் தேய்மானம் இல்லை. கீதாரி இந்த மாசியிலும் கிடை போட வருவார் என்று வயல்காரர் சொன்னார், கற்றாழை நார் குஞ்சத்தை அவர் கையாலேயே திரித்து வாங்கிக்கொள்ளலாம் என்று விடுமுனையைச் சும்மா விட்டிருந்தேன். போன வாரம் திண்ணையில் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனேன், வந்து பார்த்தால் வெள்ளச்சி முடிச்சைக் கடித்துத் துப்பியிருந்தாள். ஒரு விரற்கடை குறைந்துபோயிற்று. மறுபக்கத்தையும் அதே அளவுக்கு வெட்டிவிட்டேன், இப்போது அறுபத்தெட்டு சென்டிமீட்டர்.