படர்தாமரைக்கு ஆம்போடெரிசின் ஜெல்: நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை. டர்பினாஃபைன் கிரீம் போட்டால் அடங்கும், நிறுத்தினால் திரும்பிவிடும். கடைசியில் தோல் டாக்டர் இட்ராகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரையோடு 0.1 சதவீத ஆம்போடெரிசின் பி ஜெல்லையும் எழுதிக் கொடுத்தார்.

2021-இல் கருப்புப் பூஞ்சைக்கு ஊசியாகத் தேடி ஊரே அலைந்ததே, அதே மருந்துதான். மூலக்கூறு பெரியது என்பதால் வெறுமனே குழைத்துத் தடவினால் தோலுக்குள் இறங்காது. அதற்காகவே இந்த ஜெல்லில் கொழுப்பாலான நானோ துகள்களில் ஏற்றியிருக்கிறார்கள். தோலின் மேலடுக்கிலும் கொழுப்பு உண்டு. துகள் அதோடு ஒட்டி, மருந்தை அங்கேயே மெல்ல விடுகிறது. படர்தாமரைப் பூஞ்சை குடியிருப்பதும் அந்த அடுக்கில்தான்.

பூஞ்சை தன் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பைத் தயாரிக்க உதவும் ஒரு நொதியை டர்பினாஃபைன் முடக்கும். நம் நாட்டில் இப்போது பரவியிருக்கும் ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே (2020-இல் வைத்த பெயர்) என்ற படர்தாமரைப் பூஞ்சை பலரிடம் அந்த நொதியையே மாற்றிக்கொண்டு தப்பிக்கிறது. ஆம்போடெரிசின் நொதியைத் தொடுவதில்லை, நேராக எர்கோஸ்டெராலையே பிடிக்கிறது.

ஜெல் லேசான மஞ்சள் நிறம். பிசுபிசுப்பு இல்லை, சீக்கிரம் காய்ந்துவிடும். சொறிந்து புண்ணான இடத்தில் மட்டும் கொஞ்சம் எரிந்தது. முதலில் அரிப்பு போனது. தடித்த விளிம்பு தட்டையாக நாளானது. பழுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நின்றது, அது நோயில்லை என்றார் டாக்டர். சிவந்த விளிம்பைத் தாண்டி இரண்டு செ.மீ. வரை, வெளியிலிருந்து உள்நோக்கித் தடவச் சொன்னார். தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் விடக்கூடாது என்பதில் கறாராக இருந்தார்.

அரைஞாண் கயிற்றைக் கழற்றச் சொன்னதுதான் வீட்டில் பெரிய பேச்சானது. வியர்வையில் ஊறி அது காய்வதே இல்லை; படை வந்ததும் சரியாக அந்தக் கோட்டில்தான். அம்மா மனசில்லாமல் சம்மதித்தார். துண்டு தனி, துணிகளை வெயிலில் உலர்த்தி உட்புறத் தையலில் இஸ்திரி.

குறை என்றால் விலை. இடுப்புச் சுற்று முழுக்கத் தடவினால் ட்யூப் மளமளவென்று காலியாகிறது. மாத்திரை இல்லாமல் ஜெல் மட்டும் என் அளவு பரவியதற்குப் போதும் என்று சொல்லமாட்டேன். ஆனால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் எடுத்து நீட்டும் குளோபெட்டசால் கலந்த கிரீமை தயவுசெய்து தொடாதீர்கள். அந்த ஸ்டீராய்டு அரிப்பை அடக்கிவிட்டு, பூஞ்சையை உள்ளே தாராளமாக வளரவிடும். 2018 முதல் இத்தகைய ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்பது சட்டம்.

நடுவில் தம்பிக்கும் வந்தது. இருவரும் ஒரே சமயத்தில் மருந்து போட்டோம். அதன்பின் வந்த மழைக்காலத்தில் இருவருக்குமே திரும்பவில்லை.