லேசர் பட்டும் யாரும் சாகாத உலகம்: பழைய கார்ட்டூனுக்கு எந்த ஆட்ட விதி?

ஜி.ஐ. ஜோ கார்ட்டூனில் ஒரு போர் விமானம் சுடப்பட்டு வெடித்தால், அடுத்த நொடியே வானத்தில் ஒரு பாராசூட் விரியும். எத்தனை விமானம் விழுகிறதோ அத்தனை பாராசூட். சின்ன வயதில் அதைப் பார்த்துச் சிரித்த நாம்தான் இன்று நாலு நண்பர்களை மேசையைச் சுற்றி உட்காரவைத்து, அந்தக் கார்ட்டூன்களையே ரோல்பிளேயிங் ஆட்டமாக, அதாவது ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி ஆடும் ஆட்டமாக, நடத்தப் பார்க்கிறோம். நடத்த ஆரம்பித்தால் முதலில் இடிப்பது அந்தப் பாராசூட்தான். பகடை உருட்டி, சேதம் கணக்கிட்டு, ஹிட் பாயிண்டை, அதாவது உயிர்ப் புள்ளியை, கழித்துக்கொண்டே போகும் விதிகளில் அதற்கு இடமே இல்லை.

எந்த சிஸ்டத்தில், அதாவது எந்த விதித்தொகுப்பில், நடத்தலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இயந்திரத்தைப் பற்றியே கேட்கிறார்கள். உருமாறும் வண்டிக்கு விதி உண்டா, ஐந்து சிங்கங்கள் சேர்ந்து ஒரே ரோபோவாவதை எப்படிக் காட்டுவது, இப்படி. நியாயமான கேள்விகள்தான். ஆனால் பல அமர்வுகளுக்கு நீளும் கேம்பெய்ன்கள் நாலைந்தை நடத்தி, அதில் இரண்டைப் பாதியில் கைவிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நாயகன் தோற்றால் அவனுக்கு என்ன ஆகும்?

1984-ல் அமெரிக்காவில் ஓடத் தொடங்கிய வோல்ட்ரானையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சிங்க ரோபோ பகுதி, 1981-ல் ஜப்பானில் வந்த கோலயன் என்ற தொடரை வெட்டி ஒட்டி ஆங்கிலம் பேசவைத்தது. ஜப்பானிய மூலத்தில் ஐந்து பைலட்டுகளில் ஒருவன் செத்துப்போகிறான். அமெரிக்கப் பதிப்பிலும் அவனுக்கு அதே அடிதான் விழுகிறது. ஆனால் அங்கே ஸ்வென் என்ற பெயரில் வரும் அவன், காயத்தோடு வேறொரு கிரகத்து மருத்துவமனைக்குப் போய்விடுகிறான். படம் ஒன்றுதான், தோல்விக்குக் கொடுக்கும் விலைதான் வேறு. நீங்கள் எடுக்கும் விதிப் புத்தகமும் உங்களைக் கேட்காமலே இந்த வேலையைச் செய்துவிடும்.

பெரும்பாலானோர் முதலில் கைவைப்பது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில். எல்லோருக்கும் தெரிந்த விதிகள், புத்தகம் ஏற்கெனவே அலமாரியில் இருக்கிறது, வாள் என்று இருக்கும் இடத்தில் லேசர் என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். எங்கள் குழுவும் அப்படித்தான் ஆரம்பித்தது. சில்வர்ஹாக்ஸ் பாணியில், உலோக இறக்கை கட்டிய விண்வெளிப் போலீஸ்காரர்கள். இரண்டாவது அமர்வில் ஒரு சிறுகோள் சிறைக்குள் நுழைந்தார்கள். ஆறு காவல் ரோபோக்கள் சுட ஆரம்பித்தன. எங்களில் ஒருவர் மூன்று வாரமாகத் தன் கதாபாத்திரத்தைப் படமாக வரைந்து, வண்ணம் அடித்து, இறக்கையின் ஒவ்வொரு மடிப்புக்கும் நிழல் போட்டுக் கொண்டுவந்திருந்தார். முதல் சுற்றிலேயே அவருடைய ஹிட் பாயிண்ட் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. அதன் பிறகு 20 முகப் பகடையில் மூன்று தடவை பத்துக்குக் கீழே விழுந்தால் ஆள் காலி. விழுந்தது 4, 7, 9. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அவர் பாட்டுக்கு மெதுவாகச் சொன்னார்: "கார்ட்டூன்ல யாரும் சாகவே மாட்டாங்களே."

விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். வீழ்த்தும் அடியைக் கொல்லாமல் மயக்கும் அடியாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கைக்கெட்டும் தூரத்துத் தாக்குதலுக்கு மட்டும். தூரத்திலிருந்து சுட்டால் அந்தச் சலுகை கிடையாது. எல்லோரும் லேசர் துப்பாக்கியோடு அலையும் உலகத்துக்கு இதைவிடப் பொருந்தாத வரியை எழுதியிருக்க முடியாது. ஆட்டத்தை நடத்துபவர், அதாவது நடத்துநர், நினைத்தால் கண்டும் காணாமல் விட்டுவிடலாம்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அப்படி விட்டால், அந்த ஹிட் பாயிண்டை யாருக்காகக் கழித்துக்கொண்டிருக்கிறோம்?

லெவல் ஏறுவது இன்னொரு தொல்லை. அந்தக் காலத்து அமெரிக்கக் கார்ட்டூன்கள் பலவும் 65 பகுதிகளாக வந்ததற்குக் காரணம் கலையல்ல, கணக்கு: வாரத்துக்கு 5 நாள், 13 வாரம். தண்டர்கேட்ஸின் முதல் சீசன், சில்வர்ஹாக்ஸ், பிரேவ்ஸ்டார், கேலக்ஸி ரேஞ்சர்ஸ் எல்லாமே இந்தக் கணக்கில் வந்தவை. எந்தப் பகுதியை எந்த நாளில் போட்டாலும் புரிய வேண்டும் என்பதால், ஒவ்வொரு பகுதியும் தொடங்கிய இடத்திலேயே போய் முடியும். முதல் நாள் எப்படி இருந்தானோ 65-ஆம் நாளும் நாயகன் அப்படியேதான் இருப்பான். ஐந்தாம் பதிப்போ ஒன்றிலிருந்து இருபதாம் லெவல் வரை ஏணி போட்டுக் கூப்பிடுகிறது. 1983 முதல் 1985 வரை 27 பகுதிகள் ஓடிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கார்ட்டூனையே இந்த விதிகளில் அப்படியே நடத்த முடியாது என்பதுதான் வேடிக்கை. அந்தப் பிள்ளைகள் ஆளுக்கொரு மந்திர ஆயுதத்தோடு வருகிறார்கள், கடைசிவரை அதே ஆயுதம்தான்.

சரி, கார்ட்டூனின் பெயரைத் தாங்கி உரிமத்தோடு வந்த ஆட்டங்கள்? ரெனிகேட் கேம் ஸ்டுடியோஸ் என்ற நிறுவனம், எசென்ஸ்20 என்ற ஒரே அடித்தளத்தில் பவர் ரேஞ்சர்ஸ், ஜி.ஐ. ஜோ, டிரான்ஸ்ஃபார்மர்ஸ் மூன்றையும் கொண்டுவந்திருக்கிறது. 20 முகப் பகடையோடு திறமைக்கேற்ற இன்னொரு பகடையையும் சேர்த்து உருட்ட வேண்டும். திறமை வளர வளர அந்த இரண்டாவது பகடை பெரிதாகும். உருமாறும் விதியை நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை, அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். படங்களும் பெயர்களும் தயாராக இருப்பதால், கார்ட்டூனைப் பார்க்காதவரைக்கூட அரை மணி நேரத்தில் உட்காரவைத்துவிடலாம். குறை என்னவென்றால், அடிப்படையில் இதுவும் சேதத்தை எண்ணும் ஆட்டம். பொம்மைப் பெட்டியை அழகாகத் திறந்து காட்டுகிறது, கதையின் உள்கட்டு அதில் இல்லை.

உரிமம் பெற்ற ஆட்டமே சரியாக அமைந்த இடமும் உண்டு. ரோபோடெக். 1985-ல் வந்த அந்தத் தொடருக்காக ஹார்மனி கோல்ட் நிறுவனம் எடுத்துக்கொண்ட மேக்ராஸ் என்ற ஜப்பானியத் தொடரில் 36 பகுதிகள்தான் இருந்தன. தினசரி ஒளிபரப்புக்குப் போதாது. அதனால் தொடர்பே இல்லாத வேறு இரண்டு ஜப்பானியத் தொடர்களையும் கோத்து, மூன்று தலைமுறைப் போர் என்று 85 பகுதிகளாக ஆக்கிவிட்டார்கள். ஆனால் மரணத்தை மட்டும் வெட்டவில்லை. எல்லோருக்கும் அண்ணன் மாதிரி இருந்த ராய் ஃபோக்கர் இந்தப் பதிப்பிலும் சாகிறான். 1986-ல் பல்லேடியம் புக்ஸ் கொண்டுவந்த ரோபோடெக் ஆட்டத்தில் 'மெகா டேமேஜ்' என்று ஒரு கணக்கு உண்டு. மெகா சேதத்தில் ஒரு புள்ளி, சாதாரண சேதத்தில் நூறுக்குச் சமம். இயந்திரத்துக்குள் இருக்கும்வரை நீ வீரன், வெளியே வந்து நின்றால் பூச்சி. பல்லேடியத்தின் விதிகளைப் படிப்பது தலைவலி, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தொடரின் பயம் அந்த ஒரு வரிக் கணக்கிலேயே இருக்கிறது.

மூன்றாவது வழி, எந்த உலகத்துக்கும் பொருந்தும் பொதுவான விதிகள். இதில் எனக்குப் பிடித்தது சேவேஜ் வேர்ல்ட்ஸ், 2003-ல் வந்தது. பெயருள்ள பாத்திரங்களுக்கும் பெயரில்லாத கூட்டத்துக்கும் இங்கே தனித்தனி விதி. கூட்டத்தில் ஒருவனுக்கு ஒரே ஒரு காயம் பட்டால் ஆட்டம் முடிந்தது; நாயகன் மூன்று காயம் வரை தாங்குவான். வரிசையாக வந்து வரிசையாகச் சாயும் ரோபோ சிப்பாய்களுக்கு இதைவிட நல்ல விதி கிடையாது. அந்தக் காலத்து எதிரிப் படைகளில் இத்தனை ரோபோக்கள் ஏன் என்று யோசித்தால் விஷயம் புரியும். மனிதனை வெட்டக் கூடாது, தகரத்தை வெட்டலாம்.

சிக்கல் பகடையில் இருக்கிறது. சேவேஜ் வேர்ல்ட்ஸில் ஒரு பகடை அதன் உச்ச எண்ணைக் காட்டினால் மறுபடி உருட்டிக் கூட்டிக்கொள்ளலாம், அதற்கு மேல்வரம்பு இல்லை. மூலையில் நிற்கும் ஒரு தகர டப்பா சும்மா சுட்டது அடுக்கடுக்காக வெடித்து நாயகனைச் சாய்த்துவிடும். கையிலிருக்கும் பென்னி என்ற சலுகை வில்லையைக் கொடுத்துச் சமாளிக்கலாம். வில்லை தீர்ந்துவிட்டால் என்ன செய்வது? எக்ஸோஸ்குவாட் மாதிரியான தொடருக்கு இது குறையே இல்லை, பலம். 1993-94-ல் வந்த அந்தத் தொடர் 52 பகுதிகளில் ஒரே போரைத்தான் சொன்னது. அதில் ஆட்கள் சாகிறார்கள், போன ஊர் திரும்பி வருவதில்லை. தண்டர்கேட்ஸுக்கு இதே விதியை எடுத்தால் என் நண்பரின் அந்த முகத்தை நீங்களும் ஒருநாள் பார்ப்பீர்கள்.

எண்பதுகளின் கார்ட்டூனுக்கென்றே எழுதப்பட்ட கார்ட்டூன் ஆக்‌ஷன் ஹவர் என்ற ஆட்டமும் இருக்கிறது. படிக்கப் படிக்க ஆசையாக இருக்கும். நடத்துவதைவிடப் படிக்கத்தான் அதிகம் எடுத்திருக்கிறேன். உங்கள் தொடரை நீங்களே கற்பனை செய்வதாக இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள்.

நான் கடைசியில் வந்து நின்றது ஃபேட் கோர் என்ற இன்னொரு பொதுவான சிஸ்டத்தில். முதல் தடவை படித்தபோது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆயுதத்துக்கு எண் இல்லை, கவசத்துக்கு எண் இல்லை, பகடையில் கூட்டலும் கழித்தலும்தான் இருக்கிறது, இது என்ன ஆட்டம் என்று மூடிவைத்துவிட்டேன். மறுபடி திறக்கவைத்தது இரண்டு விதிகள்.

ஒன்று, விட்டுக்கொடுத்தல். சண்டை கைமீறிப் போகிறது என்று தெரிந்தால், எதிராளி பகடையை உருட்டுவதற்கு முன்பே "நான் தோற்றுவிட்டேன்" என்று நீங்களே சொல்லிவிடலாம். சொன்னால், உங்களுக்கு என்ன ஆகிறது என்பதில் உங்களுக்கும் பேச்சு உண்டு. மாட்டிக்கொள்கிறீர்களா, பள்ளத்தில் விழுந்து காணாமல் போகிறீர்களா, வண்டியைப் பறிகொடுக்கிறீர்களா? போதாததற்கு, பிறகு செலவழித்துக்கொள்ள ஒரு ஃபேட் புள்ளியும் கைக்கு வரும், அந்தச் சண்டையில் வாங்கிய ஒவ்வொரு பெரிய அடிக்கும் இன்னொன்று. நான் தேடிக்கொண்டிருந்த பாராசூட் இதுதான். வில்லனுக்கும் இதே உரிமை உண்டு. ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் முஷ்டியை ஆட்டி "அடுத்த முறை விடமாட்டேன்" என்று கத்திவிட்டு ஓடும் ஆளை மற்ற சிஸ்டங்களில் தப்பவிட்டால், நடத்துநர் ஏமாற்றுகிறார் என்று மேசை முணுமுணுக்கும். இங்கே அவன் விதிப்படி ஓடுகிறான்.

இரண்டாவது, வோல்ட்ரான் கேள்விக்கே பதில். ஐந்து பேரும் ஒரே ரோபோவுக்குள் போய்விட்டால், தலைப் பகுதியில் இருப்பவர் பகடையை உருட்டுவார், மற்ற நால்வரும் போனைப் பார்ப்பார்கள். வண்டிக்கு ஒரே ஓட்டுநர் என்று வைத்திருக்கும் எல்லா சிஸ்டத்திலும் இந்தத் தொல்லைதான். ஃபேட்டில் தாக்காமல் ஒரு சாதகத்தை உருவாக்கிவைக்கலாம். இடது கால் பைலட் எதிரியின் கணுக்காலைப் பிடித்துக்கொள்கிறார். வலது கை, கேடயத்தை ஓரங்கட்டுகிறது. இன்னொருவர் அவன் கவசத்தில் விரிசலைக் கண்டுபிடிக்கிறார். ஒவ்வொன்றும் மேசையில் ஒரு சீட்டாக எழுதிவைக்கப்படும், ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு தடவை இலவசமாக +2. நாலு சீட்டு சேர்ந்ததும் தலைப் பகுதியான கறுப்புச் சிங்கத்தின் பைலட் எல்லாவற்றையும் அள்ளி ஒரே வீச்சில் போடுகிறார். +8.

அந்த நெருப்பு வாளை ஏன் முதல் நிமிடத்திலேயே உருவாமல் கடைசியில் உருவுகிறார்கள் என்று சின்ன வயதில் எல்லோருமே கேட்டிருப்போம். சீட்டு சேரவில்லை, அவ்வளவுதான்.

வளர்ச்சி விஷயத்திலும் ஃபேட் ஒத்துப்போகிறது. ஒரு அமர்வு முடிந்தால் திறமைகளில் இரண்டை இடம் மாற்றிக்கொள்ளலாம், அல்லது பாத்திரம் எப்படிப்பட்டவர் என்று சொல்லும் ஒரு குணவரியைத் திருத்தி எழுதலாம், ஆள் பெரிதாவதில்லை. 65 பகுதிக் கார்ட்டூனின் நாயகனுக்கு அது போதும். பயம் வேண்டும் என்பவர்கள் மட்டும் இந்தப் பக்கம் வராதீர்கள். ரோபோடெக்கை ஃபேட்டில் நடத்திப் பார்த்தேன், ராய் ஃபோக்கரின் இடத்தில் இருந்தவர் விட்டுக்கொடுத்து மருத்துவமனைக்குப் போய்விட்டார். ஸ்வென் மாதிரியே!

ஒரே இரவு, விருந்தாளிகள் இருக்கிறார்கள், யாருக்கும் விதி தெரியாது என்றால் ஜான் ஹார்ப்பர் 2013-ல் ஒரே பக்கத்தில் எழுதிய லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ். இரண்டிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண்ணைத் தேர்ந்தெடுங்கள். இயந்திரமும் அறிவும் வேண்டிய காரியம் என்றால் பகடை அதற்குக் கீழே விழ வேண்டும், பேச்சும் உணர்ச்சியும் என்றால் மேலே. விதி ஏறக்குறைய அவ்வளவுதான். மூன்றாவது அமர்வில் அலுத்துவிடும், ஆனால் அதற்காக எழுதப்பட்டதும் அல்ல.

இப்போது நடத்திக்கொண்டிருப்பது ஜேஸ் அண்ட் தி வீல்ட் வாரியர்ஸ், ஃபேட்டில். 1985-ல் வந்து 65 பகுதிகள் ஓடிய தொடர். அப்பாவைத் தேடும் மகன், ஆளுக்குப் பாதியாக இருவரிடமும் ஒரு மந்திர வேர், துரத்தும் செடி இயந்திரங்கள். அப்பா கடைசிவரை முழுதாகக் கைக்குக் கிடைக்கவே இல்லை; கதையை முடித்துவைக்கத் திட்டமிட்ட படம் எடுக்கப்படவே இல்லை. கேம்பெய்னுக்கு முடியாமல் நின்ற தொடர்தான் எனக்கு வசதி, முடிவை யாரும் ஏற்கெனவே பார்த்திருக்க மாட்டார்கள்.

சில்வர்ஹாக்ஸ் ஆட்டத்தில் இரண்டாம் வாரமே செத்துப்போன நண்பரும் இதில் இருக்கிறார். பழைய படத்தில் இறக்கையை அழித்துவிட்டு நாலு சக்கரம் வரைந்து கொண்டுவந்தார். போன வாரம் செடி இயந்திரங்கள் மூன்று பக்கமும் சூழ்ந்துவிட்டன, அவர் தோளில் ஏற்கெனவே ஒரு காயம். நான் பகடையைக் கையில் எடுத்தேன், அதற்குள் அவர் கையைத் தூக்கிவிட்டார். வேரின் பாதியை அவர்கள் பிடுங்கிக்கொள்ளட்டும், என்னை உயிரோடு அவர்கள் கப்பலில் ஏற்றட்டும் என்றார். இரண்டு ஃபேட் புள்ளிகளை அவர் பக்கம் தள்ளினேன். சிரித்துக்கொண்டே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.