கரூர் வங்கியைக் கேட்டு வந்த மூன்று வரன்கள்

1926-ல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பர் 27 அன்று சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியின் இந்திய நிறுவனத்தோடு கரைந்துபோனது. அதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் அந்த வங்கியை மூன்று பேர் கேட்டு வந்தார்கள்: இந்தியாபுல்ஸ் ஹவுசிங் ஃபைனான்ஸ், கிளிக்ஸ் கேப்பிட்டல், கடைசியில் ரிசர்வ் வங்கியே கூட்டிவந்த டிபிஎஸ். மூன்றுக்கும் பேர் ‘இணைப்பு’தான். கணக்கு மட்டும் வேறு வேறு.

இணைப்புச் செய்தி வந்தால் நம் ஆட்கள் முதலில் தேடுவது எத்தனை பங்குக்கு எத்தனை பங்கு என்பதைத்தான். நான் அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். இவரிடம் இல்லாதது அவரிடம் இருக்கிறதா? அதுதான் முதல் கேள்வி.

லட்சுமி விலாஸிடம் இல்லாதது மூலதனம். கடைவீதி வியாபாரிகளையும் நகைக்கடனையும் நம்பி வளர்ந்த வங்கி, பெரிய கம்பெனிகளுக்குக் கடன் கொடுக்கப் போய்ச் சூடு பட்டது. ரான்பாக்ஸி மருந்துக் கம்பெனியின் முன்னாள் முதலாளிகளுடைய நிறுவனங்களுக்குக் கொடுத்த கடனுக்காக, ரெலிகேர் என்ற நிதி நிறுவனத்தின் 700 கோடிக்கு மேற்பட்ட வைப்புத்தொகையை எடுத்துக்கொண்டு, வழக்கில் மாட்டியது தனிக்கதை. கொடுத்த கடனின் ஆபத்துக்கு எதிரே வங்கியின் சொந்தப் பணம் எவ்வளவு என்று காட்டுவது மூலதன விகிதம். 2020 மார்ச்சில் அது 1.12 சதவீதம், செப்டம்பரில் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 2.85. சரி, கையில் இருந்தது என்ன? ஐந்நூற்றுச் சொச்சம் கிளைகள், சுமார் 20,000 கோடி டெபாசிட், தலைமுறையாக வந்துபோகும் வாடிக்கையாளர்கள்.

இந்தியாபுல்ஸின் நிலைமை இதற்கு நேர் எதிர். மூலதனம் இருந்தது, நிலையான பணவரத்து இல்லை. வீட்டுக்கடன் பதினைந்து, இருபது வருடம் ஓடும். அதற்கான பணத்தைக் கடன் பத்திரச் சந்தையில் குறுகிய காலத்துக்கு வாங்கினால், 2018 செப்டம்பரில் ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் கவிழ்ந்தபோது நடந்த மாதிரி குழாய் திடீரென்று அடைபடும். வங்கி உரிமம் கிடைத்தால் பொதுமக்களின் டெபாசிட் கிடைக்கும். ஆக, 2019 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட இந்த இணைப்பு காகிதத்தில் கச்சிதமான பொருத்தம். 100 லட்சுமி விலாஸ் பங்குக்கு 14 இந்தியாபுல்ஸ் பங்கு. அன்றைய விலைக்குக் கணக்குப் போட்டால் நல்ல லாபமும்கூட.

நான் அப்போதே இதை நம்பவில்லை. இரண்டும் சேர்ந்தால் வெளியே கொடுத்திருந்த கடன் 1.2 லட்சம் கோடிக்கு மேல். அதை வங்கிகளுக்கான அன்றைய விதிகளுக்குள் கொண்டுவந்தால், பொதுமக்களிடம் வாங்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 4 ரூபாய் ரிசர்வ் வங்கியில் சும்மா கிடக்க வேண்டும். இன்னொரு 19 ரூபாய் போல அரசுப் பத்திரங்களில் போக வேண்டும். விவசாயம், சிறுதொழில் என்று முன்னுரிமைக் கடனுக்கு 40 சதவீத இலக்கு வேறு. வீட்டுக்கடன் கம்பெனியாக இருந்தபோது கிடைத்த லாப விகிதம் இதையெல்லாம் தாங்குமா? அதைவிடப் பெரிய சங்கடம், மூச்சு முட்டும் ஒருவர் இன்னொருவர் தோளைப் பிடித்து நீந்தப் பார்த்தது. 2019 அக்டோபரில் ரிசர்வ் வங்கி முடியாது என்றது. காரணத்தை வெளியில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மார்ச்சில் இந்தியாபுல்ஸ் பங்கு எங்கே இருந்தது என்று பாருங்கள். அறிவித்தபோது 800 ரூபாய்க்கு மேல் இருந்தது 100 ரூபாய் வாக்கில் கிடந்தது.

கிளிக்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜிஇ கேப்பிட்டல் என்ற அமெரிக்க நிதி நிறுவனத்தின் பழைய இந்தியத் தொழிலை வாங்கி உருவான சிறிய கடன் நிறுவனம். 2020 ஜூனில் பேச்சைத் தொடங்கியது. வந்தவர்களிடம் மூலதனம் இருந்தது உண்மைதான், ஆனால் ஓட்டையின் அளவுக்கு அது காணாது. மாதக்கணக்கில் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். செப்டம்பரில் நடந்த பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் தலைமை அதிகாரியையும் ஆறு இயக்குநர்களையும் வாக்களித்து வெளியேற்றிவிட்டார்கள். கையெழுத்துப் போடவே ஆள் இல்லாத வீட்டில் என்ன பேரம் பேசுவது?

அப்புறம்தான் நவம்பர் 17. வங்கியின் நடவடிக்கைகளுக்கு ஒரு மாதத் தடை, எடுக்கும் பணத்துக்கு 25,000 ரூபாய் உச்சவரம்பு, கூடவே டிபிஎஸ்ஸோடு இணைக்கும் வரைவுத் திட்டம். ஆட்சேபணை சொல்ல 20-ம் தேதி வரைதான் அவகாசம்.

வியாபாரக் கணக்காகப் பார்த்தால் மூன்றில் பொருந்தியது இது ஒன்றுதான். சிங்கப்பூர் தாய் வங்கியிடம் பணம் உண்டு. 2,500 கோடியை உள்ளே போட்டது. இந்தியாவில் 1994 முதல் இருந்தும் டிபிஎஸ்ஸிடம் சில டஜன் கிளைகளைத் தாண்டி இல்லை. ஒரே நாளில் அது அறுநூறு அளவுக்குப் போனது. வெளிநாட்டு வங்கி ஒன்று நாமக்கல்லிலும் கரூரிலும் ஒவ்வொரு கிளையாகத் திறந்து நகைக்கடன் வாடிக்கையாளரைப் பிடிப்பதென்றால் எத்தனை வருடம் ஆகும்! டெபாசிட்காரர்கள் ஒரு ரூபாய்கூட இழக்கவில்லை. பங்குதாரர்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. மூலதனம் முழுவதையும் தள்ளுபடி செய்தார்கள். மூலதனத்தில் சேர்த்துக்கொள்ள வங்கி விற்றிருந்த 318 கோடி ரூபாய் அடுக்கு-2 கடன் பத்திரங்களும் போயின.

நிகர மதிப்பு மைனஸில் இருக்கும் வங்கியின் பங்குக்கு விலை பூஜ்யம் என்பதை என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் அதே வருடம் மார்ச்சில் யெஸ் வங்கியைக் காப்பாற்றியபோது பழைய பங்குகளில் முக்கால் பங்கை மூன்று வருடம் விற்கக் கூடாது என்று பூட்டினார்களே தவிர, அழிக்கவில்லை. அங்கே ஸ்டேட் வங்கி முதலீட்டாளராக உள்ளே வந்தது. வங்கி தனியாகவே நீடித்தது. இங்கே வங்கியே இல்லாமல் போயிற்று. சட்டப்படி வித்தியாசம் உண்டு. கரூரில் தாத்தா காலத்துப் பங்குச் சான்றிதழை வைத்திருந்தவரிடம் அந்த வித்தியாசத்தை விளக்கப் போக எனக்குத் தைரியமில்லை.

1916-ல் பிறந்த கரூர் வைஸ்யா வங்கி அதே ஊரில்தானே இருக்கிறது, அதோடு சேர்த்திருக்கலாமே என்று கேட்கலாம். பல இடங்களில் ஒரே ஊரில் இரண்டுக்கும் கிளை, ஒரே மாதிரி ஜவுளி, லாரிக் கடன்கள். செலவு குறையும், ஓட்டை அடைபடாது. வாங்குபவருக்கு அதில் என்ன லாபம்?

ஒப்பிட வேண்டுமென்றால் மதுரைக்குப் போக வேண்டும். கருமுத்து தியாகராசர் 1943-ல் தொடங்கிய பாங்க் ஆஃப் மதுரா, 2000 டிசம்பரில் ஐசிஐசிஐ வங்கியோடு இணைய ஒப்புக்கொண்டபோது லாபத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஒரு பங்குக்கு ஐசிஐசிஐயின் இரண்டு பங்கு கொடுத்தார்கள். லட்சுமி விலாஸ் வரன் தேட ஆரம்பித்தது, தொடர்ந்து இரண்டு வருடம் நஷ்டம் பார்த்த பிறகு.